ஆறாவது ஆமை

மன்னார் வளைகுடாவில் ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை கடலுக்குப் போகிறவர்கள் ஓட்டையும் தலையையும் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடுவார்கள்: பேராமை, அழுங்காமை, சித்தாமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. ஒரு காலத்தில் இறைச்சிக்கும் ஓட்டுக்கும் பிடிபட்டவை. இன்று வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காவல் நிற்கிறது. வலையில் ஏறினால் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். நான் சொல்லப்போவது ஆறாவது ஆமையின் கதை. அது முட்டையிட எந்தக் கரையிலும் ஏறியதில்லை. ஆனாலும் ஆண்ட்வெர்ப், லண்டன், பிலடெல்பியா, வாஷிங்டன் என்று நானூறு வருடங்களுக்கு மேலாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் முதுகில் யானை, யானையின் மேல் பூமி.

மேலைத் தத்துவம் படித்தவர்கள் இந்த ஆமையை ஜான் லாக்கின் நூலில் சந்தித்திருப்பார்கள். மனித அறிவைப் பற்றி அவர் எழுதிய பெரும் கட்டுரை நூல் 1689 இறுதியில் லண்டனில் வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் 1690 என்று இருக்கும். அதன் இரண்டாம் புத்தகத்தில் இரண்டு இடங்களில் ஓர் இந்தியர் வருகிறார். பெயர் இல்லை, ஊர் இல்லை. பூமியை எது தாங்குகிறது என்றால் பெரிய யானை என்கிறார். யானையை என்றால் பெரிய ஆமை என்கிறார். ஆமையை என்று விடாமல் கேட்டால், ஏதோ ஒன்று, என்னவென்று தெரியாது என்கிறார். லாக் அவர்மேல் இரக்கப்பட்டுக்கொண்டே சிரிக்கிறார். அந்த இந்தியர் யார், அவரிடம் கேள்வி கேட்டது யார், எந்த ஊரில்?

ஊர் சந்திரகிரி. திருப்பதிக்குப் பக்கத்தில், மலையடியில் கோட்டையும் ராஜமகாலும் இன்றும் நிற்கிற அதே சந்திரகிரிதான். சென்னைக்கு நிலம் கொடுத்த 1639ஆம் ஆண்டு ஆணையின் கதையில் வரும் ஊர். ஆனால் அங்கே போகுமுன் முத்துக்குளித்துறையில் கொஞ்சம் நிற்க வேண்டும். சந்திரகிரியில் கேட்ட பேச்சு ஐரோப்பாவில் அச்சேறுவதற்கான வழி இந்தக் கரையில்தான் முதலில் போடப்பட்டது.

பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபரில் இந்தக் கரைக்கு வந்தார். பரதவர்களிடையே அவர் செய்த பணி ஊரறிந்தது. அவர் கடிதம் எழுதியதன் விளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சேசு சபையில் கடிதம் எழுதுவது கடமை. ஒரே கடிதத்தைப் பல படிகளாக எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். ஒன்று மூழ்கினாலும் இன்னொன்று லிஸ்பனுக்குப் போய்ச் சேரும். சவேரியார் இந்தக் கரையைப் பற்றி 1544 ஜனவரியில் எழுதிய கடிதம் மறு ஆண்டே பாரிஸில் புத்தகமாகிவிட்டது. அதில் ஒரு சுவையான இடம் உண்டு. கோயில் பிராமணர்கள் சிலரோடு அவர் வாதம் செய்கிறார். அவர்களும் திருப்பிக் கேட்கிறார்கள். உடம்போடு உயிரும் சாகுமா, கனவில் தூர தேசத்து நண்பர்களைப் பார்க்கிறோமே, அப்போது உயிர் வெளியே போய்வருகிறதா, கடவுள் கறுப்பா வெளுப்பா? இந்தக் கரையில் கறுத்த மனிதரையும் வெளுத்த மனிதரையும் பார்த்தவர்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான் அந்தக் கடைசிக் கேள்வி.

இப்படி ஒரு வகை எழுத்து பிறந்தது. பாதிரியார் கேட்டார், பிராமணர் சொன்னார், அல்லது சொல்லத் தெரியாமல் நின்றார். எழுதுகிறவர் எப்போதும் ஒரே தரப்பு. அண்ட்ரிக் அடிகளார் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணம் எழுதி, 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார் என்பது நாம் பெருமையோடு சொல்லும் வரலாறு. அவரும் கடிதம் எழுதிக் குவித்தவர். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய இந்தக் கடித வழி, நம் கதைக்குள் ஆமை வரும்போது நன்றாகத் தேய்ந்த பாதையாகிவிட்டிருந்தது.

1598இல் சாந்தோமிலிருந்து சேசு சபையினர் சிலர் சந்திரகிரிக்குப் போனார்கள். தலைக்கோட்டைப் போருக்குப் பின் சுருங்கிப்போன விஜயநகர அரசை இரண்டாம் வேங்கடபதி அங்கிருந்து ஆண்டுகொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவர் இம்மானுவேல் த வெய்கா. 1599 செப்டம்பர் 18 என்று தேதியிட்டு அவர் எழுதிய கடிதத்தில், அங்குள்ள அறிஞர்களோடு உலகின் அமைப்பைப் பற்றிப் பேசியதை விவரிக்கிறார். பூமிக்கு ஒன்பது மூலைகள், அவற்றால் அது வானத்தில் சாய்ந்து நிற்கிறது என்று சிலர் சொன்னார்களாம். இன்னொருவர் அதை ஏற்கவில்லை. ஏழு யானைகள் பூமியைத் தாங்குகின்றன, யானைகள் அமிழ்ந்துவிடாமல் இருக்க ஓர் ஆமையின் மேல் காலூன்றி நிற்கின்றன என்றாராம். ஆமை நழுவாமல் எது பிடித்திருக்கிறது என்று கேட்டதற்கு அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவ்வளவுதான். லத்தீனில் மூன்று நான்கு வாக்கியம். ஆமை இங்கேதான் முட்டையை விட்டு வெளியே வருகிறது.

இதைப் படித்ததும் நம் ஊர்ப் பாட்டிகள் முதலில் திருத்துவது எண்ணிக்கையைத்தான். திசை யானைகள் எட்டு. ஐராவதம், புண்டரீகம், வாமனம் என்று தொடங்கிச் சுப்பிரதீகம் வரை நிகண்டு வரிசையாகச் சொல்லும். ஏழு எங்கிருந்து வந்தது? சொன்னவர் தவறினாரா, கேட்டவர் தவறினாரா, எழுதும்போது கை தவறியதா? ஆதிசேடனையும் காணவில்லை. பூமியைத் தாங்குவது யார் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆதிசேடன் பெயரைத்தான் சொல்வார்கள். சந்திரகிரியில் பேசியவர்கள் தங்களுக்குள்ளேயே உடன்படவில்லை என்பதைக் கடிதமே காட்டுகிறது. ஒருவர் ஒன்பது மூலை என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். அது ஒரு கொள்கையின் அறிக்கை அல்ல, ஒரு மாலை நேரத்து வாக்குவாதம். அதில் ஒருவர் கடைசிக் கேள்விக்குப் பேசாமல் இருந்தார்.

ஜான் ஹே என்ற ஸ்காட்லாந்து சேசு சபைக் குரு, ஜப்பான், இந்தியா, பெரு ஆகிய நாடுகளிலிருந்து வந்த கடிதங்களைத் தொகுத்து 1605இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்டார். வெய்காவின் கடிதமும் அதில் சேர்ந்தது. அதே 1605இல்தான் ராபர்ட் தெ நோபிலி கோவாவில் வந்திறங்கினார். முத்துக்குளித்துறையில் தமிழ் படித்து அடுத்த ஆண்டு மதுரைக்குப் போனார். அரிஸ்டாட்டில், தோமா அக்குவினா வழித் தத்துவத்தைத் தலையில் சுமந்து ஒருவர் இங்கே வர, சந்திரகிரியின் ஆமை அந்தத் தத்துவத்தையே அசைக்கும் வேலைக்காக அங்கே போய்க்கொண்டிருந்தது. இருவரும் இதை அறியார்.

ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஆமையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் சாமுவேல் பர்ச்சஸ். எசெக்ஸ் பகுதி ஆங்கிலிக்கப் பாதிரியார். உலகத்துச் சமயங்களையெல்லாம் ஒரே நூலில் அடக்கப் பார்த்தவர். 1613இல் முதற்பதிப்பு வந்து, 1626 வரை பதிப்புக்குப் பதிப்பு பருத்துக்கொண்டே போன நூல் அது. தான் பிறந்த தாக்ஸ்டெட் ஊரிலிருந்து இருநூறு மைல் கூடத் தாண்டியதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கோல்ரிட்ஜ் தன் ‘குப்ளா கான்’ கவிதைக்கு முன் படித்துக்கொண்டிருந்ததும் இவருடைய புத்தகம்தான். பர்ச்சஸ் கையில் யானைகள் ஏழாகவே இருக்கின்றன, ஆமை மட்டும் ஆமைகளாகிவிட்டது. பதில் தெரியாமல் நின்ற ஒருவர், தெரியாத பலராகிவிட்டார்.

லாக்குக்குப் பயண நூல்கள்மேல் தீராத ஆசை. பர்ச்சஸ் வழியாகத்தான் இந்தக் கதை அவரிடம் போயிருக்கும் என்று கருதப்படுகிறது. ஏழு யானைகளை ஒன்றாக்கினார், ஆமைகளையும் ஒன்றாக்கினார். அது கதை சொல்லத் தெரிந்தவர் வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. வழியில் நேர்ந்த இன்னொரு மாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும். வெய்காவின் கடிதத்தில் அந்த மனிதருக்குப் பதில் தெரியவில்லை. லாக்கிடம் வரும்போது அந்த மௌனம் பதிலாகிவிட்டது: ஏதோ ஒன்று தாங்குகிறது, என்னவென்று தெரியாது. தெரியாது என்று நிற்பதும், ஏதோ ஒன்று இருக்கிறது ஆனால் தெரியாது என்று சாதிப்பதும் ஒன்றல்ல. பின்னதைத்தான் லாக் அடிக்கப் போகிறார். அடிவாங்க முன்னவரை நிறுத்துகிறார்.

எதற்காக அடிக்கிறார்? முத்தை வைத்துப் பார்க்கலாம். தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்த 1961 வரை, முத்துக்களைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்துப் பருமன் பிரித்து, பிறகு உருட்சி, நிறம், ஒளி பார்த்து ஆணிமுத்து முதல் தூள் வரை ரகம் கட்டினார்கள். வியாபாரி விலை போட்டது குணங்களுக்கு. வெண்மைக்கு இவ்வளவு, உருட்சிக்கு இவ்வளவு, எடைக்கு இவ்வளவு. இப்போது வெண்மையைக் கழித்துவிடுங்கள். உருட்சியை, ஒளியை, எடையை, கடினத்தைக் கழித்துவிடுங்கள். மிச்சம் என்ன? பழைய ஐரோப்பியப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்த பதில்: மிச்சம் இருப்பதுதான் பொருள். குணங்கள் வரும் போகும்; அவற்றைத் தாங்கிக்கொண்டு அடியில் பொருள் இருக்கும்.

லாக் கேட்டது எளிய கேள்வி. அந்த அடிப்பொருளை யார் பார்த்தது? நம் புலன்களுக்கு எட்டுவது குணங்கள்தான். குணங்கள் தனியே நிற்கா என்று தோன்றுவதால் அவற்றுக்குக் கீழே ஒரு தாங்கி இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். அது என்ன என்று கேட்டால் குணங்களைத் தாங்குவது என்பதைத் தவிர நம்மிடம் பதில் இல்லை. ஆக, ஆமையைத் தேடி அலைந்த இந்தியருக்கு ‘பொருள்’ என்ற அந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் யானையும் வேண்டாம், ஆமையும் வேண்டாம், அந்த வார்த்தையே பூமியைத் தாங்கியிருக்கும் என்று கேலி செய்கிறார். கேலியின் இலக்கு அந்தப் பழைய பாடத்தைச் சொல்லிக்கொடுத்த ஆக்ஸ்போர்டு. இந்தியர் அந்தப் பேராசிரியர்களைக் குத்தக் கிடைத்த ஊசி. இதை மறந்துவிட்டு லாக் இந்தியாவை ஏளனம் செய்தார் என்று கொதிப்பவர்களை எனக்குத் தெரியும். அது பாதிதான் சரி. இந்தியரைப் பேதையாக நிறுத்தினால்தான் நீயும் அந்தப் பேதையே என்று பேராசிரியரைப் பார்த்துச் சொல்ல முடியும். இரண்டு அடியும் ஒரே கையால் விழுகின்றன.

ஆசியாவைப் பாடப் பொம்மையாக்குவது அன்றைய வழக்கம். தண்ணீர் கட்டியாகி அதன்மேல் யானை நடக்கும் என்று டச்சுத் தூதர் சொன்னபோது நம்ப மறுத்த சயாம் மன்னர் ஒருவரும் லாக்கின் நூலில் இருக்கிறார். பின்னால் வந்த தத்துவவாதி ஹியூம் அந்தச் சயாம் மன்னரை இந்திய இளவரசராக்கிவிட்டார். யானைக்கு அங்கும் வேலை இருந்தது.

தூத்துக்குடிக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. 1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தபோது உடன் வந்தவர் பிலிப் பால்தேயுஸ் என்ற பாதிரியார். பரதவர்களைத் தங்கள் சபைக்கு மாற்றப் பார்த்தார். அவர்கள் கத்தோலிக்கத்தை விட்டு நகரவில்லை. ஆனால் அவர் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலில் இந்தக் கரையும் முத்துக்குளிப்பும் இடம்பெற்றன, தசாவதாரக் கதைகளும் படங்களும் இடம்பெற்றன. மந்தர மலையைத் தாங்கும் கூர்மம் ஐரோப்பிய வாசகர் கண்முன் செப்புத்தகட்டு ஓவியமாக நின்றது. சமயப் பகுதியின் பெரும்பங்கு ஃபெனிசியோ என்ற சேசு சபைக் குருவின் கையெழுத்துப் படியிலிருந்து எடுத்தது என்பதை ஜார்ல் ஷார்பென்டியர் 1933இல் நிறுவினார். கத்தோலிக்கரிடம் தோற்ற பாதிரியார் கத்தோலிக்கரின் எழுத்தையே எடுத்து அச்சிட்டிருக்கிறார்.

லாக்குக்குப் பிறகு ஆமை ஓய்ந்து கிடக்கவில்லை. வூஸ்டர் ஆயர் ஸ்டில்லிங்ஃப்லீட், பொருளை யானைக்கும் ஆமைக்கும் ஒப்பிட்டுக் கேலி செய்தால் திரித்துவக் கோட்பாட்டின் கதி என்ன என்று கொதித்தார். ‘பொருள்’ போனால் மூன்று ஆட்கள், ஒரே பொருள் என்ற போதனை எதன் மேல் நிற்கும்? 1697இல் இருவரும் மாறி மாறிக் கடிதம் அச்சிட்டுக்கொண்டார்கள். பொருள் இல்லை என்று நான் சொல்லவில்லை, அதைப் பற்றி நமக்குத் தெளிவாகத் தெரியாது என்றுதான் சொன்னேன் என்று லாக் வளைந்து நெளிந்தார். ஆமைக்கு இங்கிலாந்துத் திருச்சபையோடே வழக்கு வந்துவிட்டது. ஆமை புகுந்த வீடு என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

லைப்னிட்ஸ் லாக்கின் நூலுக்குப் பக்கத்துக்குப் பக்கம் மறுப்பு எழுதினார். 1704இல் லாக் இறந்ததும், பதில் சொல்ல ஆளில்லாதவரோடு சண்டை எதற்கு என்று வெளியிடாமல் வைத்துவிட்டார். 1765இல்தான் அச்சு வந்தது. இந்த இடத்தில் அவர் சொல்வது கூர்மையானது. குணங்களையெல்லாம் நீங்களே உருவிவிட்டு, மிச்சம் இருப்பதற்கு என்ன குணம் என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காதுதானே? கேள்வியில் இருக்கும் கோளாற்றைப் பொருளின் மேல் ஏற்றாதீர்கள். பெர்க்லி 1710இல் வேறு பக்கம் போனார். தூண் கட்டடத்தைத் தாங்குவது தெரியும், ஜடப்பொருள் குணங்களை எந்த அர்த்தத்தில் தாங்குகிறது என்று கேட்டு, ஜடப்பொருளையே தூக்கி எறிந்தார். ஹியூமுக்கு எல்லாமே மனப்பதிவுகளின் கூட்டம். ‘நான்’ என்பதற்கு அடியிலும் அவர் ஒரு தாங்கியைக் காணவில்லை.

ஹியூம் இறந்த பின் 1779இல் வந்த சமய உரையாடல் நூலில் அந்த இந்தியர் மறுபடி வருகிறார். இந்த முறை ஆமையைக் காணோம், யானை மட்டும். ஆனால் கதைக்குச் சரியான வேலை கொடுத்தவர் ஹியூம்தான் என்பது என் எண்ணம். உலகத்தின் ஒழுங்குக்குக் காரணம் இறைவனின் மனத்தில் உள்ள ஒழுங்கு என்றால், அந்த மனத்தின் ஒழுங்குக்குக் காரணம் என்ன? எங்காவது நிறுத்தத்தான் வேண்டுமென்றால் உலகத்தோடேயே நிறுத்திக்கொண்டால் என்ன? லாக் கையில் கேலியாக இருந்தது ஹியூம் கையில் வாதமாகிவிட்டது.

அதன் பிறகு கதை தெருவுக்கு இறங்கியது. 1854இல் பிலடெல்பியாவில் ஜோசப் பெர்க் என்ற போதகர் தன் எதிராளியைக் கேலி செய்யும்போது, ஆமைக்குக் கீழே இன்னோர் ஆமை, அப்படியே அடிவரை ஆமைகள் என்ற பதிலைச் சேர்த்தார். 1927 மார்ச்சில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், தான் ஏன் கிறிஸ்தவர் அல்ல என்று லண்டனில் பேசியபோது, ஆமையைப் பற்றிக் கேட்டதும் இந்தியர் வேறு விஷயம் பேசலாமே என்றதாகச் சொன்னார். இது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் நம்பும்படி இருக்கிறது. திருநெல்வேலிச் சாலையில், நம் தூத்துக்குடிப் புதுக்கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெரியவர் ஒருவரிடம், “அண்ணாச்சி, ஆமைக்குக் கீழ என்ன இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். “ஆமை கெடக்கட்டும், அடுத்த பஸ் எப்பம்னு தெரியுமா?” என்பார்.

1973இல் மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் எழுதியபோது இந்தியர் ஆங்கிலேயரை ‘சாகிப்’ என்று விளித்து அடிவரை ஆமைகள்தான் என்றார். 1988இல் ஸ்டீவன் ஹாக்கிங்கின் புகழ்பெற்ற நூலில் இந்தியரே இல்லை; விஞ்ஞானியின் சொற்பொழிவில் குறுக்கிடும் கிழவி ஒருத்தி இருக்கிறாள், யானையும் மறைந்துவிட்டது. 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா ஒரு தீர்ப்பின் அடிக்குறிப்பில் கதையைச் சொன்னபோது யானைக்கு மேல் ஒரு புலியும் ஏறிக்கொண்டது. வழக்கு சதுப்பு நிலங்களைப் பற்றியது.

இத்தனை பேர் சொன்ன கதையில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஆமைக்குக் கீழே என்ன என்று இந்தியாவில் யாரும் யோசித்ததே இல்லையா?

இரண்டு விதமாக யோசித்திருக்கிறார்கள். ஒன்று, கோயில்களில் அன்றாடம் நடப்பது. மூர்த்திக்கு ஆசனம் கற்பிக்கும்போது அர்ச்சகர் அடியிலிருந்து தொடங்குவார். முதலில் ஆதாரசக்தி, பிறகு கூர்மம், பிறகு அனந்தன், அதன்மேல் பிருதிவி. ஆமைக்குக் கீழே ஆதாரசக்தி. சந்திரகிரிப் பெரியவர் இதைச் சொல்லியிருந்தால் வெய்கா அதையும் எழுதியிருப்பார். லாக் இதைக் கேட்டிருந்தால் தன் கட்சிக்கு இன்னொரு சாட்சி கிடைத்தது என்று மகிழ்ந்திருப்பார். தாங்குவது எது என்ற கேள்விக்குத் தாங்கும் சக்தி என்று பதில் சொன்னால், அவர் கேலி செய்த பேராசிரியர்களுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பூசையில் இது தியானம், தருக்கமல்ல என்று அர்ச்சகர் சொல்லலாம். அது வேறு விவகாரம்.

இரண்டாவது விதம் வானியலாளர்களுடையது. பூமி உருண்டை, வெளியில் தனியே நிற்கிறது என்பதை ஆரியபட்டர் காலத்திலிருந்தே அவர்கள் சொல்லிவந்தார்கள். 1150இல் பாஸ்கராச்சாரியர் எழுதிய ‘சித்தாந்த சிரோமணி’யின் கோளாத்தியாயப் பகுதியில், பூமிக்கு உருவமுள்ள ஒரு தாங்கி உண்டு என்று சொல்பவர்களை எடுத்துக்கொள்கிறார். அந்தத் தாங்கிக்கு இன்னொரு தாங்கி வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும், இது முடிவில்லாமல் போகும் என்கிறார். கடைசித் தாங்கி தன் சக்தியால் தானே நிற்கிறது என்பீர்களானால், அந்தச் சக்தியை முதலிலேயே பூமிக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கிறார். ஹியூம் எங்காவது நிறுத்தத்தான் வேண்டுமென்றால் என்று கேட்டாரே, அதே கேள்வி. ஹியூமுக்கு அறுநூறு வருடங்களுக்கு முன்னால், புராணக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒருவர் கேட்டது. பூமி கீழே விழுந்துகொண்டே இருக்கிறது என்ற பௌத்தர் கருத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. இந்த முடிவில்லாத் தொடருக்குத் தருக்க நூல்களில் அனவஸ்தை என்று பெயரே உண்டு; அதை வாதத்தின் குற்றங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள்.

பாஸ்கரர் எல்லாம் கண்டுபிடித்துவிட்டார் என்று மார்தட்ட இதில் ஒன்றுமில்லை. நெருப்புக்குச் சூடு இயல்பு, கல்லுக்குக் கடினம் இயல்பு, அதுபோலப் பூமிக்கு அசையாமை இயல்பு என்பது அவர் முடிவு. அது தவறு. ஆனால் வாதம் பழுதற்றது. குணத்தையும் பொருளையும் பற்றிய சண்டையும் நமக்குப் புதிதல்ல. வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் மணிமேகலை கேட்டுச் செல்லும்போது வைசேடிகவாதி பொருள், குணம், கருமம் என்றுதான் தொடங்குகிறான். அவள் எல்லாரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் நிலையான பொருள் எதையும் ஒப்பாத பௌத்தத்தில் போய்ச் சேர்கிறாள்.

ஆக, லாக் கையாண்ட ஆமை இந்தியாவிலிருந்து போனதுதான். அந்த ஆமையை முறியடிக்கும் வாதமும் இந்தியாவில்தான் இருந்தது, ஆனால் அது கப்பலேறவில்லை. பாதிரியார்கள் எழுதியனுப்பியது தாங்கள் வென்ற வாதங்களை. தோற்கக்கூடிய வாதங்கள் இருந்த சுவடிகள் இங்கேயே கிடந்தன. கோளாத்தியாயத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, வில்கின்சனும் பாபுதேவ சாஸ்திரியும் செய்தது, கல்கத்தாவில் வெளிவந்தபோது ஆண்டு 1861. அடிவரை ஆமைகள் என்ற நகைச்சுவை பிலடெல்பியாவில் சிரிப்பு வாங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எழுதிய ரஸ்ஸலோ கீர்ட்ஸோ அதைத் தேடிப் பார்க்கவில்லை என்பது அவர்கள்மேல் வைக்கக்கூடிய குற்றம். லாக்கின்மேல் வைக்க முடியாது.

சந்திரகிரியில் பதில் தெரியாமல் நின்றவருக்கு என் தீர்ப்பு வேறு. தன் நூல் வந்த நாட்களில் லாக்குக்கு ஐசக் நியூட்டனின் நட்பு கிடைத்தது. பூமி எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை, ஈர்ப்பு அதைச் சூரியனைச் சுற்ற வைக்கிறது என்று 1687இல் நிறுவியவர். ஈர்ப்புக்கு என்ன காரணம் என்று கேட்டபோது அவர் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் சொன்னது, அதைத் தன்னால் கண்டறிய முடியவில்லை, ஊகங்களைக் கட்டிச் சொல்லப் போவதில்லை என்பதுதான். ஐரோப்பா அதை அறிவியலின் அடக்கம் என்று கொண்டாடியது, சரியாகவே கொண்டாடியது. அதே தெரியாமை நூறு வருடத்துக்கு முன் கோட்டையடிவாரத்தில் ஒருவரிடம் இருந்தபோது அது பேதைமை என்று பதிவானது. ஏழா எட்டா என்று யானையை எண்ணுவதில் அவர் தவறியிருக்கலாம். தெரியாத இடத்தில் புதிதாக ஒரு மிருகத்தைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. ஸ்காலியாவின் புலிக்கு அவர் பொறுப்பல்ல.

கல்லூரிகளில் மேலைத் தத்துவம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். லாக்கின் இரண்டாம் புத்தகத்தில் 23ஆம் அத்தியாயம் பாடம் எடுக்கும் நாளில், வெய்காவின் அந்த மூன்று நான்கு வாக்கியங்களையும் பாஸ்கரரின் வாதத்தையும் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடிந்துவிடும்.